முன் டிஃபரன்ஷியலுக்கு லாக்கர்: பழைய மலை ஜீப்புக்கு எது பொருந்தும்?

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் ஜவ்வாது மலையின் மண்பாதைகள் குழைந்துவிடும். சாமை மூட்டை ஏற்றிய பழைய மகிந்திரா எம்எம் 540 ஜீப், ஃபோர் வீல் போட்டும் ஏற்றத்தில் நின்றுபோகும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரங்கள் மட்டும் சுற்றிச் சேற்றை வாரி இறைக்கும். இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கரை முன் டிஃபரன்ஷியலுக்குப் போட்டால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். போடலாம். ஆனால் முன் ஆக்சில் வண்டியை இழுப்பதோடு திருப்பவும் செய்கிறது. அதை மறந்து வாங்கினால் பணமும் போகும், ஆபத்தும் வரும்.

முதலில் பின் ஆக்சில்

சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். சேற்றில் வழுக்கும் சக்கரம் எவ்வளவு குறைவாக வாங்குகிறதோ, கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அவ்வளவுதான். மேடேறும்போது பாரம் பின்பக்கம் சாய்கிறது. மூட்டைகள் இருப்பதும் அங்கேதான். அதனால் பிடிப்பு பின் சக்கரங்களில்தான் அதிகம். 2015இல் தார் சிஆர்டிஇ வண்டிக்குத் தானாகப் பூட்டும் டிஃபரன்ஷியலைக் கொடுத்த மகிந்திராவும் அதைப் பின் ஆக்சிலில்தான் வைத்தது. பின்பக்கம் சாதாரணமாக இருக்கும்வரை முன்பக்கத்தில் செலவு செய்யாதீர்கள்.

முன்பக்கத்துக்கு எது?

டிஃபரன்ஷியலின் ஸ்டார் கியரை வெல்டிங் வைத்துப் பூட்டுவது செலவு குறைந்த வழி. முன் ஆக்சிலில் ஒருபோதும் செய்யாதீர்கள். ஃபோர் வீலில் வளைவு வந்தால் வண்டி திரும்ப மறுக்கும், ஷாஃப்ட் முறியும்.

ஆட்டோ லாக்கர் தானாகப் பூட்டி, தானாக விடும். முன் சக்கரத்தை ஷாஃப்டிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப்பைத் திறந்துவிட்டுத் தார்ச்சாலையில் ஓட்டினால் தொல்லை தெரியாது. மண்பாதைக் கொண்டை ஊசி வளைவில் ஃபோர் வீலில் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்டீயரிங் நேராகவே இழுக்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹெலிக்கல் வகை எல்எஸ்டி (முழுதாகப் பூட்டாமல் வழுக்கலை மட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) ஸ்டீயரிங்கை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. வழுக்கும் சக்கரம் வாங்கும் விசையைப்போல் சில மடங்கை மறு சக்கரத்துக்கு அனுப்பும். ஆனால் சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் பூஜ்யத்தின் எத்தனை மடங்கும் பூஜ்யமே. அப்போது பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஏறினால் உதவும்.

காற்றழுத்தத்தால் இயங்கும் செலக்டபிள் லாக்கர் தேவைப்படும்போது மட்டும் பூட்டும். விலை அதிகம், கம்ப்ரஸரும் குழாயும் வேண்டும். ஓடையைக் கடந்து, பாறையில் சக்கரம் தூக்கும் பாதையில் தினமும் போகிறவர்களுக்கு இதுவே சரி. சேறு மட்டுமே சிக்கல் என்றால் ஹெலிக்கல் போதும்.

வாங்கும் முன்

ஆக்சில் ஷாஃப்டின் ஸ்ப்லைன் எண்ணிக்கையோடு லாக்கர் பொருந்த வேண்டும்; அதைக் கையால் எண்ணிப் பாருங்கள். பழைய வண்டியில் ஆக்சிலே மாறியிருக்கலாம். கிரவுன் பினியன் மாற்றினால் முன்னும் பின்னும் ஒரே விகிதம் வேண்டும். கிரவுனில் 43 பல், பினியனில் 8 என்றால் 5.38, 39க்கு 8 என்றால் 4.88. இவை கலந்தால் கெட்டித் தரையில் ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகித் திணறும்.

பூட்டிய ஆக்சிலில் ஒரே ஷாஃப்ட் மொத்த விசையையும் தாங்க நேரும். ஆகவே முன் ஷாஃப்ட் ஜாயிண்ட், நக்கிள் பேரிங், ஹப் மூன்றையும் முதலில் சரிபாருங்கள். ஹப்பே பூட்டாமல் இருந்தால் எந்த லாக்கரும் பயன்படாது.

பொருத்தும்போது பேரிங், ஆயில் சீல் புதிதாகட்டும். ஷிம் வைத்துப் பேக்லாஷைச் சரிசெய்து, பல்லில் மை தடவிப் படியும் இடத்தைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் மட்டுமே கொடுங்கள். லாக்கர் தயாரிப்பாளர் சொல்லும் கியர் ஆயிலையே ஊற்றுங்கள். ஓடையில் இறங்கும் வண்டிக்கு பிரீதர் குழாயை உயர்த்திக் கட்டுங்கள்.

ஓட்டும்போது

செலக்டபிள் லாக்கர் என்றால், பூட்டை வழுக்கும் இடத்துக்கு முன்பே, வண்டி நிற்கும்போது போடுங்கள். சுற்றும் சக்கரத்தில் போட்டால் பல் உடையும். பக்கவாட்டில் சரிந்த ஈரப்பாதையில் முன் பூட்டை எடுத்துவிடுங்கள். இரு சக்கரமும் சேர்ந்து வழுக்கினால் வண்டியின் மூக்கு பள்ளத்தின் பக்கம் இறங்கும். தார்ச்சாலை தொட்டதும் பூட்டையும் ஃபோர் வீலையும் விடுங்கள்.

கையில் பணம் குறைவென்றால் வரிசை இதுதான்: நல்ல மண்பாதை டயர், பழுதில்லாத ஹப், பின் லாக்கர், கடைசியாக முன் லாக்கர். முதல் மூன்றோடு உங்கள் பாதை ஏறிவிட்டால் நான்காவதற்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.