வாரம் ஒரு கேப்ஸ்யூல் இதயத்தைக் காக்குமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. இரண்டு வருடங்களுக்கு முன் ஸ்டென்ட் வைத்தோம். ஆறு மாதத்துக்கு முன் ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14 என்று வந்தது. டாக்டர் 60,000 யூனிட் கேப்ஸ்யூல், வாரம் ஒன்று, எட்டு வாரத்துக்கு எழுதினார். ‘டி குறைந்தால் ஹார்ட் அட்டாக் வரும், நிறுத்தாதே’ என்று நாத்தனார் சொன்னதால், நானே கடையில் வாங்கி இன்னமும் கொடுத்துவருகிறேன். மாத்திரை அதிகமாகிவிட்டதே என்று கொலஸ்ட்ரால் மாத்திரையை மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுகிறார். சரிதானே?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லையம்மா. நிறுத்தவேண்டியதைத் தொடர்கிறீர்கள், தொடரவேண்டியதைக் குறைத்திருக்கிறீர்கள்.

நாத்தனார் சொன்னதற்கும் ஒரு அடிப்படை உண்டு. டி குறைவாக உள்ளவர்களிடம் இதயநோய் அதிகம் என்பதை 2008-லேயே அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு காட்டியது. ஆனால் குண்டாக இருப்பவர்களுக்கு டி கொழுப்பில் போய்த் தங்கிவிடும்; ரத்தத்தில் குறைவாகத்தான் காட்டும். மூச்சிரைப்போ முட்டிவலியோ உள்ளவர் வாசல்படி தாண்டுவதில்லை. வெயிலும் படாது, நடையும் இராது. அவருக்கு டி குறைந்ததால் நோய் வந்ததா, நோயால் டி குறைந்ததா?

கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும்? பார்த்தார்கள். அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த ‘வைட்டல்’ ஆய்வில் பாதிப் பேருக்குத் தினம் 2,000 யூனிட், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஐந்து வருடத்துக்கு மேல் கொடுத்து, 2018-ல் முடிவு வந்தது: மாரடைப்பு, பக்கவாதம் எதுவும் குறையவில்லை. நியூசிலாந்திலும் இதே கதை. ஆஸ்திரேலியாவில் மட்டும், மாதம் 60,000 யூனிட் சாப்பிட்ட முதியவர்களிடம் சின்னக் குறைவு தெரிந்தது, நூற்றுக்கு 6.6 பேர் என்பது 6 ஆனது. அதுவும் மாதம் ஒன்று, வாரம் ஒன்றல்ல. இந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு உங்கள் கணவர் அளவுக்குக் குறைவு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறைவை நிரப்பியது எலும்புக்கும் தசைக்கும் நல்லதுதான். அந்த வேலை எட்டு வாரத்தில் முடிந்தது.

மிஞ்சினால் இந்த வைட்டமின் சிறுநீரில் போய்விடாது, உடம்பிலேயே தேங்கும். என்னிடம் வந்த ஒரு பெரியவர் ‘வாரம் ஒன்று’ என்பதைத் ‘தினம் ஒன்று’ என்று எடுத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் வாந்தி, மலச்சிக்கல், தாகம், பேச்சில் குழப்பம். ரத்தத்தில் கால்சியம் எகிறியிருந்தது. அப்படி எகிறினால் சிறுநீரகம் கெடும், இதயத்துடிப்பே தடுமாறும். டிகாக்சின் என்ற இதய மாத்திரை சாப்பிடுபவருக்கு இன்னும் ஆபத்து.

வெயிலா? விடிகாலை மொட்டை மாடி நடை உடம்புக்கு நல்லது, ஆனால் அந்த இளவெயிலில் டி அவ்வளவாக ஊறாது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயிலில்தான் அது ஊறும். கத்திரி வெயிலில் இதய நோயாளியை நிறுத்திவைக்காதீர்கள்.

கேப்ஸ்யூலை இன்றே நிறுத்துங்கள். டி, கால்சியம், கிரியாட்டினின் மூன்றையும் பார்த்து, ரிப்போர்ட்டோடு உங்கள் டாக்டரிடம் போங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையை இன்று ராத்திரியிலிருந்தே தினமும் கொடுங்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு இதயத்தைக் காப்பது அதுதான்.