இல்லத் திரையரங்கும் காற்றின் வழியும்

சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தோன்றியது 1938-ஆம் ஆண்டில். அதன்பின் நெடுங்காலம், ஊர்ப்பொதுவில் வைத்த வானொலிப் பெட்டியைச் சுற்றியிருந்தே சிற்றூரார் பலர் செய்தியும் இசையும் கேட்டனர். 2006-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கத் தொடங்கவே, அப்பெட்டி குடிசைகளிலும் புகுந்தது. இன்றோ, ஹோம் தியேட்டர் என வழங்கும் இல்லத் திரையரங்கு மலையூர்களையும் எட்டியுள்ளது. பொருளை வாங்குதல் பலர்க்கும் இயல்வது. வாங்கியதை வைக்குமிடத்தில் வைத்தலோ சிலரே அறிந்தது. ஆதலின், அக்கருவிகளை அறையில் அமைக்கும் முறையினையும், அவற்றிற்குக் காற்றுவழி செய்யும் முறையினையும் ஈண்டுச் சுருங்கக் கூறப்புகுகின்றோம்.

இதனைக் கூறுதற்கு எமக்கொரு கடனும் உண்டு. சென்ற பொங்கல் விடுமுறையில், திருப்பத்தூர் மாவட்டத்துச் சவ்வாது மலையிலுள்ள நெல்லிவாசல்நாட்டில், உடன்பயிலும் நண்பர் ஒருவரின் இல்லத்தில் சில நாள் தங்கினோம். அவர்தம் தமையனார் அயல்மாநிலக் காப்பித் தோட்டத்தில் ஒரு பருவம் முழுதும் உழைத்து ஈட்டிய கூலியைக்கொண்டு, ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூபரும் கூடிய தொகுதி ஒன்றை வாங்கி வந்திருந்தார். அடுப்புப் புகையும் பல்லியும் அணுகா வண்ணம் ஆம்ப்ளிபயரை எங்கு வைப்பது என்று அவர் எம்மை வினவினார். கதவுள்ள மர அலமாரியே தக்க இடம் என்று விடை கூறியவர் யாமே. மலைக் குளிரில் வெப்பத்திற்கு அஞ்சுவானேன் என்பது எம் எண்ணம். அவரும் அவ்வாறே வைத்து, மேலே பூவேலைத் துணி ஒன்றையும் விரித்து, கதவைச் சாத்தினார். மூன்றாம் நாளிரவு, படம் பாதியில் இருக்கையில் ஒலி அவிந்தது; கருகிய நாற்றம் எழுந்தது. தமையனார் எம்மை ஒரு சொல்லும் கடிந்திலர். அவ்வீட்டுப் பாட்டியார் மட்டும், "சாமை மூட்டையையே நாங்க தரையில சாத்தி வைக்கமாட்டோம், தம்பி. கல்லடுக்கிப் பலகை போட்டுத்தான் வைப்போம். காத்துப் போவலைன்னா எதுவும் புழுங்கிப் போயிரும்" என்றார். யாம் நூலில் கற்றும் மறந்த பாடத்தை அம்மூதாட்டியார் கல்லாமலே அறிந்திருந்தார்.

வெப்பம் பிறக்கும் வகை

ஆம்ப்ளிபயர் தான் கொள்ளும் மின்னாற்றல் முழுவதையும் ஸ்பீக்கருக்கு அளிப்பதன்று. பழைய அமைப்புடைய கருவியொன்று 200 வாட் கொண்டு 100 வாட் அளிக்குமாயின், எஞ்சிய 100 வாட் அதன் உடலிலேயே வெப்பமாகும். நூறு வாட் குண்டுவிளக்கு ஒன்றை ஏற்றிப் பெட்டியிலிட்டு மூடினாற்போன்றது அது. 'டி' வகுப்பு என்னும் புதிய அமைப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேலும் பயன்படுதலின் வெப்பம் குறைவே. எனினும் அறவே இல்லையென்று கொள்ளற்க.

கருவியினுள் உள்ள மின்தேக்கிகள் திரவம் ஊறிய உறுப்புக்கள். வெப்பநிலை 10 பாகை உயருந்தோறும் அவற்றின் வாழ்நாள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் கணக்கு. எனவே உடனே எரியாத கருவியும் மூடிய அலமாரியில் விரைவில் மூப்படையும்.

காற்றுவழி

நூறு வாட் வெப்பத்தை, காற்று 10 பாகைக்கு மேற் சூடேறாமல் வெளிக்கொணர வேண்டுமாயின், விநாடிக்கு ஏறத்தாழ 9 லிட்டர் காற்று கருவியைக் கடந்து செல்லுதல் வேண்டும். மூடிய அலமாரியிலோ முன்பு சூடேறிய காற்றே மீண்டும் மீண்டும் சுழலும். புறத்தே பனி பெய்யினும் அலமாரிக்குள் நிலவுவது வேறொரு பருவம். அன்றியும், மலைக்காற்று குளிர்ந்ததேனும் சமவெளிக் காற்றினும் மெலிந்தது. ஆதலின் அதே அளவு வெப்பத்தைச் சுமக்கச் சற்று மிகுதியான காற்றே தேவைப்படும்.

இதே மலைத்தொடரில், கடல்மட்டத்திற்கு 725 மீட்டர் உயரத்துக் காவலூரில், வைணு பாப்பு வான்நோக்ககம் உள்ளது. 2.34 மீட்டர் ஆடியுடைய அதன் பெரிய தொலைநோக்கி 1986-இல் நாட்டிற்கு அளிக்கப்பட்டது. இத்தகைய தொலைநோக்கிகளின் கூடத்தில் வெப்பக் காற்றுத் தங்குமாயின் விண்மீனின் உருவம் நடுங்கும். ஆதலின் உள்ளும் புறமும் ஒத்த வெப்பநிலை பெறுமாறு செய்தல் வானாய்வார் எங்கணும் கைக்கொள்ளும் வழக்கம். வானளக்கும் கருவிக்கு வேண்டுவதே வீட்டுக் கருவிக்கும் வேண்டும்.

வெப்பக் காற்று மேலெழும் இயல்பினது. ஆகவே குளிர்காற்றுப் புகக் கீழே ஒரு வழியும், சூடான காற்று நீங்க மேலே ஒரு வழியும் அமைத்தல் வேண்டும். திறந்த பலகைத்தட்டே சிறந்தது. கருவியின் இருபுறமும் பின்புறமும் நான்கு விரற்கடையேனும், மேலே ஒரு சாணும் இடம் விடுக. ஆம்ப்ளிபயரை மேல்தட்டில் வைத்து, டிஷ் பெட்டி முதலியவற்றைக் கீழே வைக்க. துளைகளைத் துணியால் மூடுதல் மூக்கைப் பொத்துதலை ஒக்கும். தூசிக்கு அஞ்சுவோர் கருவியை நிறுத்தி, அது ஆறிய பின்னரே துணியிடுக. வாரம் ஒருமுறை உலர்ந்த தூரிகையாற் துடைக்க.

ஒலியும் இருக்கையும்

பார்ப்பவரும் இரு முன் ஸ்பீக்கர்களும் சமபக்க முக்கோணமாக அமைதல் நன்று. நடு ஸ்பீக்கர் திரையின்கீழ் நிற்க, சூழொலி தரும் இரண்டும் பார்ப்பவரின் பக்கவாட்டிற்குச் சற்றுப் பின்னே, நேர்முன்னிலிருந்து 110 பாகை அளவில் நிற்கலாம். 43 அங்குலத் திரையாயின் ஆறடித் தொலைவு ஏற்றது. பன்னிரண்டடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் அளவான தாழ்ந்த ஒலி சுவரருகே பெருகி நடுவே தேயும். ஆதலின் இருக்கையைச் சுவரோடு ஒட்டியும், நேர் நடுவிலும் போடாதிருத்தல் நலம்.

1895-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சு விளங்காத விரிவுரைக்கூடம் ஒன்றை ஆராயப் புகுந்த வாலஸ் சபைன் என்பார், இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, அவை ஒலியை எவ்வளவு விழுங்கும் என்று அளந்தார். நம் இல்லங்களில் பாயும் போர்வையும் திரைச்சீலையும் அப்பணியைச் செய்யும். கூரைவேய்ந்த வீட்டில் எதிரொலி குறைவு. காங்கிரீட்டுத் தளமும் ஓடுபதித்த தரையுமுள்ள வீட்டிலேயே அது மிகும்.

மின்காப்பு

ஒரே மெல்லிய நீட்டுக்கம்பியில் எல்லாக் கருவிகளையும் மாட்டுதலும், கம்பியைச் சுருட்டியபடியே விடுதலும் தீங்கு. சுருளினுள் வெப்பம் தங்கும். கூரைவீட்டில் அதனால் விளைவது கருவியின் அழிவு மட்டுமன்று. மலையில் இடி முழங்கத் தொடங்குமுன்னரே பிளக்கோடு டிஷ் கம்பியையும் கழற்றி விடுக.

நண்பர்தம் இல்லத்துக் கருவி பழுது நீக்கப்பட்டது. அதற்கான செலவிற் பாதியை யாம் ஏற்றோம். முழுவதையும் ஏற்கத் தமையனார் ஒருப்படவில்லை. இப்பொழுது அது அலமாரியில் இல்லை. நான்கு கற்களின்மேல் இட்ட பலகையில், நாற்புறமும் காற்றாட வீற்றிருக்கின்றது. அப்பலகையை இட்டவர் பாட்டியார். கற்றாரிடத்தில் நம்பி வினவுவோர்க்கு விடைகூறுமுன் ஒருமுறைக்கு இருமுறை ஆராய்தல் மாணவராகிய நம் கடமை என்பதனையும் அக்கருவியே எமக்குக் கற்பித்தது.