தொடாமற் படம் பிடித்தல்

தமிழாசிரியன் ஒருவன் விழா மலருக்குக் கட்டுரை எழுதப் புகுந்தால், இலக்கணம் பற்றியோ இலக்கியச் சுவை பற்றியோ எழுதுவான் என எதிர்பார்த்தல் இயல்பே. யான் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளோ, கமராவைக் கையால் தொடாது திறன்பேசி வாயிலாகக் கம்பியின்றி இயக்கும் முறையாகும். இஃது அறிவியலாசிரியர்க்கு உரிய பொருளன்றோ என வினவுவார் இருப்பர். அவர்க்கு விடையாக, இப்பொருள் என்னை வந்தடைந்த வரலாற்றை முதற்கண் கூறிப் பின்னர்ப் பாடத்துட் புகுவேன்.

தோப்பூரிலே பரம்பரையாக வைத்தியம் செய்துவந்த முசுலிம் பரிகாரியார் ஒருவர் வீட்டில் தமிழ் வைத்திய ஏட்டுச் சுவடி ஒன்று உண்டு. அவர்தம் பாட்டனார் காலந்தொட்டுக் கைமாறி வந்தது அது. 2006ஆம் ஆண்டிலே மூதூர்ப் பகுதியிற் போர் மூண்டு, ஊர் மக்கள் கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்தபோது, அம்முதியவர் அச்சுவடியைத் துணியிற் சுற்றி உடன் கொண்டுசென்றார். ஊர் திரும்பியபோது அதனையும் திரும்பக் கொண்டுவந்தார். அதனைப் படமெடுத்து வைத்தல் நன்று என யான் வேண்டியபோது மகிழ்ந்து இசைந்தார். ஆயினும், சுவடி வீட்டைவிட்டு வெளியே போகலாகாது என்றார். அதுவும் முறையே.

ஒரு நாட் பிற்பகல், அவர் வீட்டு விறாந்தையிற் கமராவை முக்காலியிற் பூட்டி, 62 ஏடுகளையும் இருபுறமும் படமெடுத்தேன். கமராவின் சிறு திரையில் எல்லாம் தெளிவாகவே தோன்றின. வீடு சென்று கணினியிற் பெருப்பித்துப் பார்த்தபோதுதான், மூன்றிலொரு பங்கு படங்கள் மங்கலாயிருந்தமை தெரிந்தது. பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று வாளாவிருந்துவிட்டேன். மாரிமழை கழிந்து மீண்டும் சென்றபோது, பெட்டியின் அடிப்புறத்தாற் கறையான் ஏறியிருந்தது. மூன்று ஏடுகள் மண்ணாகிவிட்டன.

"மாஸ்டர், நீங்க எடுத்த படத்தில அது இருக்குந்தானே?" என்று பரிகாரியார் கேட்டார்.

இருந்தது, ஆனால் வாசிக்க முடியாதிருந்தது. "இருக்கிறது" என்று மட்டும் விடை கூறினேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியே இக்கட்டுரையை எழுதுவித்தது.

ஏட்டெழுத்தும் மங்கலும்

அச்செழுத்துச் சிறிது மங்கினாலும் பொருள் பெரும்பாலும் கெடாது. ஏட்டெழுத்து அத்தகையதன்று. எழுத்தாணியால் ஓலையைக் கீறி எழுதிய நம் முன்னோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுதலைப் பெரும்பாலும் தவிர்த்தனர். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவ வேற்றுமை காட்டினாரல்லர். ஆதலின், 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றும். ஆகாரக் காலும் ரகரமும் தம்முள் வேறுபடாமையின், 'பால்' என எழுதியதைப் 'பரல்' என வாசித்தலும் கூடும். இடமும் ஏவலும் நோக்கி உண்மையைத் துணிதல் வாசிப்போன் கடன். கதையிலும் பாட்டிலும் இத்தகைய பிழை சுவையைக் கெடுக்கும். மருந்து நூலிலோ உடம்பையே கெடுக்கும். முன்னமே ஐயத்துக்கு இடமளிக்கும் எழுத்தின்மேற் படத்தின் மங்கலும் சேருமாயின், துணிதற்கு ஒரு பற்றுக்கோடும் இல்லாது போம்.

மங்கல் எதனால் வந்தது?

குற்றம் ஓலையினதன்று, வில்லையினதுமன்று, என் விரலினது. விறாந்தையின் மெல்லொளியிற் படம் தெளிவாகப் பதிய, எட்டிலொரு செக்கன் போன்ற நீண்ட நேரம் வேண்டியிருந்தது. அந்நேரத்துட் பொத்தானை அழுத்திய விரல் கமராவைச் சிறிது அசைத்துவிட்டது. முக்காலி நிலத்தில் உறுதியாக நின்றபோதும், அதன் தலைப்பகுதி அழுத்தத்துக்கு அசையவே செய்யும்.

இவ்வசைவின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 24 மெகாபிக்சல் கமராவின் படம் அகலப்பாட்டில் 6,000 படப்புள்ளிகளைக் கொண்டது. 30 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஏடு அப்படத்தின் முழு அகலத்தையும் நிரப்புமாயின், ஏட்டின் ஒரு மில்லிமீற்றருக்கு 20 படப்புள்ளிகள் கிடைக்கும். எழுத்தாணிக் கீறலின் அகலம் மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்கு எனக் கொள்வோம். அஃது 4 படப்புள்ளிகளே. படம் கால் மில்லிமீற்றர் அசைந்தாலும் 5 புள்ளிகள் கலங்கும். எனவே, கண்ணுக்குத் தெரியாத அவ்வசைவு ஒரு கீறலை முழுவதும் விழுங்கப் போதியதாகும். கமராவைத் தொடாது இயக்கவேண்டியதன் காரணம் இதுவே.

கம்பியில்லா ஏவல்

தொலைவிலிருந்து ஒரு பொருளைக் கம்பியின்றி ஏவுதல் புதிய எண்ணமன்று. 1898ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே நிக்கொலா தெஸ்லா, தொட்டி நீரில் மிதந்த சிறு படகொன்றை வானொலி அலைகளால் இயக்கிக் காட்டினார். அன்று படகுக்குச் சென்ற ஏவலே இன்று கமராவுக்குச் செல்கின்றது. வேறுபாடு யாதெனின், அன்று ஏவல் மட்டுமே சென்றது. இன்றோ ஏவல் செல்ல, காட்சி திரும்பி வருகின்றது.

உள்ளமைந்த வைஃபை வசதி இன்று வெளிவரும் பெரும்பாலான கமராக்களில் உண்டு. கனன் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் அறிவித்த 6டி என்னும் கமராவிலும் அஃது இருந்தமையால், பழைய கமரா உடையாரும் தத்தம் கருவியின் பட்டியலில் அதனைத் தேடிப் பார்த்தல் நன்று.

வைஃபையை இயக்கியவுடன் கமரா தானே ஒரு சிறு நிலையமாகித் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் திரையிற் காட்டும். திறன்பேசி அந்நிலையத்தோடு இணையும். இதற்கு இணையத் தொடர்பு வேண்டுவதில்லை. ஆதலின் தொலைபேசிக் கோபுரம் எட்டாத குக்கிராமத்திலும் இம்முறை பயன்படும். இவ்வலைகளுட் பெரும்பாலானவற்றின் மீடிறன் 2.4 கிகாஹேட்ஸ், அலைநீளம் ஏறக்குறைய பன்னிரண்டரைச் சென்ரிமீற்றர். புளூடூத்தும் அதே அலைவரிசையையே கையாள்வது. மின்கலத்தைக் குறைவாகச் செலவிடுவது. ஆயின் அசையுங் காட்சியைத் திறன்பேசிக்கு அனுப்ப அதன் வலிமை போதாது. ஆகவே, காட்சியைப் பார்த்துப் படமெடுக்க வைஃபையே வேண்டும்.

செய்முறை

1. கமரா நிறுவனத்தின் செயலியை வீட்டிலேயே திறன்பேசியில் இறக்கிக்கொள்க. கனனுக்குக் 'கமரா கனெக்ட்', நிக்கனுக்கு 'ஸ்னாப்பிரிட்ஜ்' என நிறுவனந்தோறும் வெவ்வேறு பெயருண்டு. போன இடத்தில் இறக்க முயல்வோன் கோபுரத்தைத் தேடி அலைவான்.

2. கமராவின் மின்கலத்தை நிரப்பி, இன்னொன்றையும் உடன் கொள்க. காட்சியை இடைவிடாது அனுப்புதலால் மின்கலம் விரைவில் வறளும். கமரா தானே உறங்கிவிடும் நேரத்தையும் நீட்டி வைக்க.

3. கமராவைப் பூட்டி, வில்லை நேர்கீழாக நோக்குமாறு அமைக்க. ஏடு வைக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியைத் தட்டையாக வைத்துத் திரையைப் பார்க்க. வில்லையின் நிழல் திரையின் நடுவிலே தோன்றினால், கமரா ஏட்டுக்கு நேராக உள்ளது என்பது பொருள். பின்னர்க் கண்ணாடியை நீக்கிவிடுக.

4. கமராவின் வைஃபையை இயக்கித் திறன்பேசியை அதனோடு இணைக்க. 'இவ்விணைப்பில் இணையம் இல்லை' எனத் திறன்பேசி எச்சரிக்கும். இணைப்பிலேயே இருக்கும்படி பணிக்க. இல்லையேற் பேசி தானாகவே வேறு வலையமைப்புக்குத் தாவிவிடும். மொபைல் தரவை நிறுத்தி வைப்பின் இத்தொல்லை இராது. புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் இடறும் இடம் இதுவே.

5. செயலியைத் திறந்தவுடன், கமரா காணும் காட்சி பேசித் திரையிற் தோன்றும். ஏட்டின் நடுவெழுத்தைத் தொட்டுக் குவியப்படுத்துக. பல கமராக்களில் ஒளியுணர்வையும் துவாரத்தையும் பேசியிலிருந்தே மாற்றலாம். ஒளியுணர்வைத் தாழ்த்தியும் துவாரத்தை எட்டு என்னும் எண்ணளவிலும் வைத்தல் நன்று.

6. சாளரத்தின் சாய்ந்த ஒளி ஏட்டின் ஒரு பக்கத்தால் விழட்டும். மை தடவாத ஏட்டிற் கீறலின் நிழலே எழுத்தாகத் தோன்றும். நேரே பாயும் மின்வெட்டொளி அந்நிழலை அழித்துவிடும்; ஆகவே அது வேண்டா. ஏட்டின் அருகே ஓர் அளவுகோலையும் வைக்க.

7. கமராவிலிருந்து ஓரடி விலகி நின்று, மூச்சு விடும் நேரம் பொறுத்துப் பேசித் திரையைத் தொடுக. ஒவ்வொரு படத்தையும் அங்கேயே பெருப்பித்து, ஓர் எழுத்தையாவது வாசித்துப் பார்த்த பின்னரே ஏட்டைத் திருப்புக. யான் செய்யத் தவறியது இதுவே.

திறன்பேசி இல்லாதார்க்கும் வழியுண்டு. இரண்டு செக்கன் கழித்துப் படமெடுக்கும் அமைப்பு ஏறக்குறைய எல்லாக் கமராக்களிலும் இருக்கின்றது. விரலின் அசைவு அடங்கிய பின்னரே அது படமெடுக்கும். ஆயினும், காட்சியைப் பெரிய திரையிற் கண்டு உடனே திருத்தும் வாய்ப்பை அது தராது.

எல்லைகள்

இக்கம்பியில்லா அலைகளுக்கும் எல்லையுண்டு. தடித்த சுவர் அவற்றை நலிவிக்கும். நம் உடம்பிற் பெரும்பகுதி நீராதலின், கமராவுக்கும் பேசிக்கும் இடையிலே ஒருவர் நிற்பினும் இணைப்புத் தளரும். கடல்நீரோ அவற்றைச் சில சென்ரிமீற்றருள் விழுங்கிவிடும்.

இதற்கு நம் திருக்கோணமலையே சான்றாகும். போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் சிதைவுகளை, சுவாமி மலையடிக் கடலில் 1956ஆம் ஆண்டிலே ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மூழ்கி ஆராய்ந்தனர். பூமியிலிருந்து ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்திற் செய்மதிகளை நிறுத்தி, உலகெங்கும் வானொலி அலைகளை அஞ்சல் செய்யலாம் என 1945ஆம் ஆண்டிலே எழுதியவரும் அக்கிளார்க்கே. விண்ணில் அத்துணைத் தொலைவு செல்லும் அலை, கோணேசர் மலையடியில் ஒரு முழ நீரைக் கடக்கமாட்டாது. அங்கு இன்றும் மனிதனே மூழ்கவேண்டும். அவன் விரலே அழுத்தவேண்டும்.

படம் எடுத்த பின்

படம் எடுத்ததோடு கடன் முடிந்ததாகாது. பேசிக்கு வரும் படம் பெரும்பாலும் சுருக்கப்பட்ட படியே. முழுப்படம் கமராவின் நினைவட்டையிலேயே இருக்கும். ஆதலின் அட்டையை அழிக்குமுன் முழுப்படங்களைக் கணினிக்கு மாற்றுக. ஏட்டெண்ணும் பக்கமும் விளங்கப் பெயரிடுக. மூன்று படிகள் வைத்து, அவற்றுள் ஒன்றை வேறோர் ஊரில் வைத்திருக்க.

இவ்வறிவுரையை வேறெவரினும் நாம் நன்கு உணர்வோம். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் அழிந்தன என்பர். அவற்றுள் வேறெங்கும் படியில்லாச் சுவடிகளும் இருந்தன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் நம் கரையோர வீடுகளிலிருந்து உறுதிகளும் கடிதங்களும் படங்களும் போயின. 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் யாவரும் காண வைத்துவருகின்றது. உடையவர் இசைந்தால், நாம் எடுக்கும் படங்களும் அத்தகைய இடத்தைச் சேர்தல் தகும். அவர் இசையாவிடின் அவர் சொல்லே முடிவு. யாதாயினும், முதற்படி அவர் கைக்கே செல்லவேண்டும்.

சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் பல ஊர்ச் சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கிக் கலித்தொகையை 1887ஆம் ஆண்டில் அச்சேற்றினார்கள். அவர்கள் காலத்தில் ஏட்டைக் காக்க ஒரே வழி, அதனைப் பார்த்து இன்னொரு படி எழுதுதல். அதற்குத் திங்கள் பல வேண்டும், புலமையும் வேண்டும். இன்று இரு மாணாக்கர், ஒரு கமரா, ஒரு திறன்பேசி, ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் போதும். வாசிக்கும் புலமை பின்னர் வரட்டும். வாசிப்பதற்கு எழுத்து எஞ்சியிருக்கவேண்டும் அல்லவா?

பழைய மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. உங்கள் பேழைகளிலும் பரண்களிலும் கிடக்கும் ஏடு, உறுதி, கடிதம், பழைய கல்லூரி மலர் யாதாயினும் இவ்விழா ஆண்டிலேயே வெளியே எடுத்துப் பாருங்கள். கொழும்பிலும் இலண்டனிலும் தொறொன்ரோவிலும் வாழ்வோர், புதிய கமரா வாங்கியபின் அலுமாரியில் ஒதுக்கிவைத்த பழையதைக் கல்லூரிக்கு அனுப்பிவையுங்கள். நமக்குப் பழையதாயினும், ஏட்டைப் படமெடுக்க அது மிகையானதே.

மீதி 59 ஏடுகளையும் மேற்கூறிய முறையில் மீண்டும் எடுத்துவிட்டேன். ஒவ்வோரெழுத்தும் தெளிவாயிருக்கின்றது. மண்ணான மூன்று ஏடுகளின் மங்கற் படங்களை வைத்து, பரிகாரியார் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, வரிவரியாக மீட்டு வருகின்றோம். ஒரு மருந்தின் இறுதியிற் 'பால்' என்பதா 'பரல்' என்பதா என்று இருவராலும் இன்னும் துணிய முடியவில்லை. துணியும்வரை அம்மருந்தைத் தாம் எவர்க்கும் கொடுப்பதில்லை என அவர் கூறிவிட்டார்.

அன்று என் விரல் அசையாதிருந்தால், அம்மருந்து இன்று வழங்கியிருக்கும். மாணாக்கர் இதனை மனத்துட் கொள்வாராக.