அண்ணாவியாரும் பேராசிரியரும்

ஒரு கை தட்டினால் ஓசை எழாது. ஆய்வாளரும் கலைஞரும் தனித்தனியே நின்றால் நம் கலைகளின் நிலையும் அதுதான். இருவரும் இணைந்தால் என்ன விளையும் என்பதற்கு இலங்கைத் தமிழர் வரலாற்றில் நல்லதொரு பாடம் உண்டு.

மட்டக்களப்புக் கிராமங்களில் கூத்து விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்படும். அதைப் பழக்குபவர் அண்ணாவியார். 1956-ஆம் ஆண்டு சரச்சந்திராவின் 'மனமே' சிங்கள நாடகம் பெரும் வெற்றி பெற்றது. அது பின்பற்றிய நாடகம மரபின் வேர் தமிழ்க் கூத்தில் இருந்தது. இதை உணர்ந்த தமிழ்த்துறைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரைக் கொண்டு மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கினார். 1962-இல் 'கர்ணன் போர்' மேடையேறியது. பின்னர் மாணவர் சி. மௌனகுரு எழுதிய 'இராவணேசன்' வந்தது. அவரே பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. தாளக்கட்டும் ஆட்டமும் அண்ணாவியார் தந்தவை. மேடை ஒழுங்கும் நேரச் சுருக்கமும் பல்கலைக்கழகம் தந்தவை. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது.

ஆனால் எல்லாம் ஆதாயம்தானா? இரவு முழுவதும் ஆடியது ஓரிரு மணி நேரமாகச் சுருங்கியது. சுற்றி அமர்ந்து பார்த்த ஊரார் எதிரே அமரும் பார்வையாளர் ஆயினர். கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர் வேறு வழியைத் தேடினார். அவருடைய 'கூத்து மீளுருவாக்கம்' சீலாமுனை கிராமத்திலேயே நடந்தது. கூத்தில் எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது என்று கூத்தர்களும் ஆய்வாளர்களும் கூடிப் பேசி முடிவெடுத்தனர். முன்னதில் கலைஞர் பல்கலைக்கழகத்திற்கு வந்தார். பின்னதில் பல்கலைக்கழகம் ஊருக்குச் சென்றது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே நமக்கான பாடம்.

நான் பண்டார் தெங்காராவைச் சேர்ந்தவன். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி தேசிய இடைநிலைப்பள்ளியில் படித்தவன். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் வட்டாரத்தில் திருவிழா என்றால் உறுமி மேளம் உண்டு. ஒரு முகத்தைக் குச்சியால் அடித்து, மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது அந்த உறுமல் எப்படிப் பிறக்கிறது? மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கறுப்புப் பூச்சே அதன் இனிய நாதத்திற்குக் காரணம் என்று சி. வி. இராமன் 1920-இல் எழுதினார். உறுமிக்கும் இத்தகைய ஆய்வு வேண்டாமா?

பொறியியல் மாணவர் அதிர்வை அளக்கலாம். தமிழ் மாணவர் பாடல்களைத் தொகுக்கலாம். இசை மாணவர் தாளத்தைக் குறிக்கலாம். ஆனால் முதல் கேள்வியை மேளக்காரர் கேட்கட்டும். மழைக்காலத்தில் தோல் தளர்வதுதான் அவர் கவலை என்றால், ஆய்வு அங்கிருந்தே தொடங்கட்டும். முடிவு அச்சாகும்போது அவர் பெயர் நன்றியுரையில் அல்ல, ஆசிரியர் வரிசையில் இடம்பெற வேண்டும். அச்சான பிரதி முதலில் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

மாணவ நண்பர்களே, ஒவ்வொரு விடுமுறைக்கும் நாம் ஊருக்குத்தான் திரும்புகிறோம். இம்முறை ஒரு குறிப்பேட்டையும், வேறு துறை நண்பர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வோமே!