குளக்கட்டிலுள்ள பற்றைகளை அகற்றும் முறை

உலர் வலயக் கிராமத்தின் வாழ்வு அதன் குளத்திலும், குளத்தின் வாழ்வு அதன் கட்டிலும் தங்கியுள்ளன. கட்டு உடையுமாயின் அழிவது காலபோக நெல் மாத்திரமன்று; சிறுபோகத்துக்கான நீரும், கிணறுகளின் ஊற்றும், கால்நடைகளின் குடிநீரும் அதனுடன் போய்விடும். 1957 ஆம் ஆண்டு வெள்ளத்தில் நாச்சதுவைக் குளம் உடைத்தது. 1986 ஏப்பிரல் 20 ஆம் நாள் கந்தளாய்க் குளம் உடைத்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெருங்குளங்களின் கட்டைப் போலவே சிறுகுளங்களின் கட்டும் மண்ணாலானதே. ஆகையால் அதனை ஆண்டுதோறும் பேணுதல் கமக்காரரின் முதற் கடமையாகும்.

பற்றைகளால் விளையும் கேடு

பற்றை மூடிய கட்டில் வெடிப்போ, கசிவோ, கறையான் புற்றோ கண்ணுக்குத் தெரிவதில்லை. எலி, உடும்பு, முள்ளம்பன்றி முதலியன அங்கு மறைந்திருந்து வளை தோண்டுகின்றன. கட்டில் முளைக்கும் மரங்களின் வேர்கள் மண்ணை ஊடுருவிச் செல்கின்றன. மரம் பட்டபின் வேர் உக்கி, அவ்விடம் குழாய்போல் வெறுமையாகிவிடும். குளம் நிரம்பியதும் நீர் அவ்வழியே புகுந்து, மண்ணைச் சிறிது சிறிதாக அரித்து, ஈற்றில் கட்டையே பிளந்துவிடும்.

ஏற்ற காலம்

சிறுபோக அறுவடை முடிந்து, வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் உள்ள ஆவணி, புரட்டாதி மாதங்களே இவ்வேலைக்கு உகந்தவை. அப்போது குளத்து நீர் வற்றியிருப்பதால் உட்சரிவையும் நன்கு பார்வையிடலாம். பழுது காணப்படின் மழைக்குமுன் திருத்துவதற்கும் அவகாசமுண்டு.

வெட்டும் முறை

1. கட்டின் மேற்பரப்பு, இருபுறச் சரிவுகள், வெளிப்புற அடிவாரம் ஆகியவற்றிலுள்ள செடி கொடிகளைக் கத்தியால் வெட்டுதல் வேண்டும்.

2. புல்லை மண்வெட்டியால் செதுக்கலாகாது. சிலர் கட்டினை வீட்டு முற்றம் போல் வெறுமையாக்கி, அதனையே துப்புரவு என எண்ணுகின்றனர். இது பெருந்தவறு. புல் இல்லாத சரிவை முதல் மழையே கரைத்துவிடும். புல்லை இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு விட்டு வெட்டுக. வெறுமையான இடங்களில் அறுகம்புல்லைப் பதித்தல் நன்று.

3. இளஞ்செடிகளை வேருடன் பிடுங்கி, அக்குழிகளை ஈரக் களிமண்ணால் நிரப்பி இறுக்குக.

4. வெட்டியவற்றைக் கட்டின்மேல் எரித்தலாகாது. நெருப்பினால் புல்லின் வேரும் மடியும். குளத்துள் வீசுதலும் ஆகாது. அவை மிதந்து வந்து துருசை அடைக்கும். கட்டுக்கு அப்பாற் கொண்டு சென்று கூட்டெருவாக்குக.

5. நீரருகே களைநாசினி தெளித்தலாகாது. அந்நீரிலேயே மனிதர் குளிக்கின்றனர், மாடுகள் குடிக்கின்றன.

பெருமரங்கள்

கட்டில் வேரூன்றிய பெருமரத்தை எண்ணாது தறித்தல் ஆபத்தாகும். தறித்த அடிமரத்தின் வேர்களும் உக்கிப் போகும் என்பதை மறத்தலாகாது. அத்தகைய மரத்தைக் கமநல சேவை நிலையத்துக்கு அறிவித்து, தொழினுட்ப உத்தியோகத்தரின் ஆலோசனைப்படியே அகற்றுதல் வேண்டும். குளம் வற்றியிருக்கும்போது வேர்களையும் தோண்டியெடுத்து, குழியில் ஆறு அங்குலப் படைகளாக மண்ணிட்டு, ஈரமாக்கி, ஒவ்வொரு படையையும் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குவர்.

புற்றும் வளையும்

பற்றை வெட்டிய உடனே கட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, புற்று, வளை, வெடிப்பு, ஈரமான இடம் ஆகியவற்றுக்குத் தடி நட்டு அடையாளமிடுக. வளையின் வாயை மாத்திரம் மண்ணால் மூடுதல் பயன்தராது. உள்ளே வெறுமை அப்படியே இருக்கும். வளையையும் புற்றையும் இறுதிவரை தோண்டி, மேற்கூறியவாறு படைபடையாக நிரப்புக. இதற்கான மண்ணைக் கட்டின் அடிவாரத்திலிருந்து எடுத்தலாகாது.

துருசும் வானும்

துருசின் வாயிலுள்ள சேற்றையும் சம்புப் புல்லையும் அகற்றுக. வானிலும் அதன் கீழுள்ள வாய்க்காலிலும் ஒரு செடியேனும் நிற்றல் கூடாது. வான் அடைபட்டால் வெள்ளம் கட்டின் மேலாகப் பாயும். மண்கட்டு அதனைத் தாங்காது. மேலதிக நீர் தேக்கும் ஆசையால் வானில் மண்மூடை அடுக்குதலும் இத்தகைய அழிவையே தரும்.

வெட்டாது விடவேண்டியவை

குளத்தின் மேற்புறத்தே நீரோரமாக நிற்கும் மரங்கள் காற்றைத் தடுத்து, நீர் ஆவியாவதைக் குறைக்கின்றன. கட்டுக்கும் வயலுக்கும் இடையேயுள்ள மரச்சோலை கசிநீரின் உவரை வயலுக்குச் செல்லாது தடுக்கின்றது. முன்னோர் அறிந்தே விட்டுவைத்தவை இவை. கத்தி கட்டோடு நிற்றல் வேண்டும்.

வேலை செய்வோர் பாதுகாப்பு

பற்றைக்குள் கைவிடுமுன் நீண்ட தடியால் தட்டுக. நாகமும் கண்ணாடி விரியனும் அங்கு தங்கும். பாம்பு கடித்தவரை நடக்கவிடாது, கடிவாயைக் கீறாது, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. சேற்றில் இறங்குவோர் எலிக்காய்ச்சல் தடுப்புமருந்து பற்றி முன்கூட்டியே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரித்தல் நன்று.

யாவருக்கும் உரிய வேலை

வயற் பங்குக்கேற்பக் கட்டின் நீளத்தைப் பிரித்து, ஒவ்வொருவரும் தம் பகுதியைத் துப்புரவாக்குவது கிராமங்களின் பழைய வழக்கம். 80 ஹெக்டயர் வரையான வயலுக்கு நீர் வழங்கும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ளனவாயினும், அன்றாடக் கண்காணிப்பு கமக்கார அமைப்பின் கையிலேயே உள்ளது. கட்டின் தொண்ணூற்றொன்பது பங்கு துப்புரவாக இருந்தும், கவனியாது விட்ட ஒரு பங்கில் உடைப்பு ஏற்படின் அனைவரின் வயலும் அழியும்.

மழை தொடங்கியபின்னும் கட்டினைப் பார்வையிடுக. வெளிச்சரிவில் கசியும் நீர் தெளிவாக இருப்பின் அதன் அளவை நாள்தோறும் கவனித்து, நிலையத்துக்கு அறிவிக்குக. அது கலங்கி மண்ணோடு வருமாயின் கட்டு உள்ளே அரிபடுகின்றது என்பதற்கு அதுவே அறிகுறி. அப்போது கணமும் தாமதியாது அதிகாரிகளுக்கு அறிவித்து, கட்டின் கீழ் வாழ்வோரை மேட்டு நிலத்துக்கு அனுப்புதல் வேண்டும். துப்புரவான கட்டிலேதான் இவ்வறிகுறியை வேளையோடு காணமுடியும்.