மரபுச் செல்வமும் மாணவர் ஆய்வும்

ஓர் இனத்தின் பண்பாடு அரண்மனைகளிலும் கோயிற் கோபுரங்களிலும் மாத்திரம் தங்கியிருப்பதன்று. அடுக்களையில் வழங்கும் சொல்லிலும், வயல்வரப்பிற் கேட்கும் பாட்டிலும், பெட்டகத்தின் அடியிற் கிடக்கும் பழைய உறுதியிலும் அது வாழ்கின்றது. இவற்றைத் தேடி, ஒழுங்குபடுத்தி, ஆராய்வார்க்குப் பயன்படுமாறு வைத்தலே மூலங்களைத் தொகுத்தல் எனப்படும். இது முதிர்ந்த அறிஞர்க்கே உரிய பணியெனக் கருதுதல் பொருந்தாது. மாணவரும் இதனைச் செய்யலாம். செய்யும் முறையைச் சிறிது ஆராய்வாம்.

யாழ்ப்பாணத்தில் இப்பணி புதியதன்று. 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரியாகிய கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்தெழுதினார். தமிழ் முதலியார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டு உடன்பட்டனர், அதுவே தேசவழமையாயிற்று. மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றினார். 1842 இல் மானிப்பாய் அகராதி வெளிவந்தது. சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் திரட்டி 1859 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1881 இல் வீரசோழியத்தையும், 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதானகோசம் 1902 இல் தோன்றிற்று. வட்டுக்கோட்டை மு. இராமலிங்கம் ஏட்டிலேறாத நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார்.

இவ்வரலாற்றினின்று இரண்டு உண்மைகள் புலனாகின்றன. தொகுத்தவர் எழுதியதை அவ்வழக்கத்தில் வாழ்வோர் சரிபார்த்தல் வேண்டும் என்பது ஒன்று. தேசவழமை அவ்வாறு சரிபார்க்கப்பட்டது. ஆயினும், பார்வையிட்ட பன்னிருவரும் செல்வாக்குடையோர். நிலத்தில் உழைத்தோர், பெண்டிர், கைத்தொழிலாளர் ஆகியோர் அறிந்தவற்றையும் கேட்டெழுதினாலன்றித் தொகுப்பு நிறைவுறாது.

மற்றோருண்மை மிகுந்த துயரத்தோடு நாம் கற்றது. 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் பல ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. வைபவமாலை இன்றும் நம் கையில் உள்ளது. 1879 இல் பிறிற்றோ அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டதும், தமிழில் அச்சுப்படிகள் பல இடங்களிற் பரவியிருந்தமையுமே காரணம். ஒரே படியாயிருந்தவை மீளவில்லை. பின்னர் 1995 இல் வலிகாம மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, வீடுகளிற் காத்து வைத்திருந்தவற்றையும் விட்டுச் செல்ல நேர்ந்தது. ஆதலின், தொகுத்தலோடு படியெடுத்துப் பல இடங்களில் வைத்தலும் இன்றியமையாத கடமையாகும். 2005 இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இவ்வழியிற் பெருந்தொண்டு செய்து வருகின்றது.

பிற நாட்டாரிடத்தும் நாம் கற்கத்தக்கது உண்டு. கனடாவின் கீழ்க்கரையில் வாழும் மிக்மா என்னும் பழங்குடியினரின் கதைகளை சைலஸ் றான்ட் என்னும் பாதிரியார் கேட்டெழுதினார். அவர் 1889 இல் இறந்தபின், 1894 இல் அவை நூலாயின. அக்காலத்தில் அம்மக்களைப் பற்றிப் பிறரே எழுதினர். இன்றோ மிக்மா அறிஞரும் மாணவரும் தம் முதியோரிடம் தாமே கேட்டுத் தொகுக்கின்றனர். ஆய்வாளர் ஒழுகவேண்டிய நெறிகளையும் தாமே வகுத்துள்ளனர். 2022 இல் நோவா ஸ்கோஷியா மாகாணம் மிக்மா மொழியைத் தன் முதன்மொழியெனச் சட்டத்தால் ஏற்றது. தம் செல்வத்தைத் தாமே பேணுவோர்க்கே பிறரும் மதிப்பளிப்பர்.

இனி, மாணவர் செய்யத்தக்க முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். பொருள் சிறிதாயிருத்தல் நன்று. "யாழ்ப்பாணப் பண்பாடு" என்று தொடங்குபவன் எங்கும் சென்று சேரான். "எங்கள் ஊர்த் துலா" என்று தொடங்குபவன் ஒரு நூலுக்கு வேண்டிய பொருளைக் காண்பான். நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் துலா வழக்கொழிந்தது. அதனை மிதித்தவர் சிலரே இன்று உளர். முதலில், நூலகத்தில் அதுபற்றி எழுதப்பட்டவற்றைப் படித்துக் குறிப்பெடுக்க. அடுத்து, முதியோரிடம் செல்க. ஆடுகால் எம்மரத்தாற் செய்யப்பட்டது, பட்டையை இழைத்தவர் யார், மிதித்தவர் எத்தனை பேர், வாய்க்காலில் நீர் மாறியவர் யார், இறைப்பு முறை எவ்வாறு பங்கிடப்பட்டது, கூலி யாது என வினவுக. அவர் சொன்ன சொல்லையே எழுதுக. நம் செந்தமிழால் அதனைத் திருத்தற்க. சொன்னவர் ஊர், வயது, கேட்ட நாள் ஆகியவற்றைக் குறிக்க. இருவர் கூற்று மாறுபடின் ஒன்றை விலக்காது இரண்டையும் வைக்க. அம்மாறுபாடே ஓர் ஆய்வுப் பொருளாதல் கூடும். துலா நின்ற கிணற்றை அளந்து படம் வரைக. இறுதியில், எழுதியதைச் சொன்னவருக்கே வாசித்துக் காட்டி, அவர் இசைவு பெற்று, ஒரு படியை அவ்வீட்டிலும், ஒன்றைக் கல்லூரி நூலகத்திலும், ஒன்றைப் பிறிதோரிடத்திலும் வைக்க.

பனாட்டு, ஒடியல், கடகம், நாட்டுக்கூத்து, திருமணப் பத்ததி, ஊர்ப்பெயர் என இவ்வாறு ஆராயத்தக்கவை பல.

பழைய மாணவர்க்கும் இப்பணியிற் பங்குண்டு. அவர்தம் இல்லங்களிலுள்ள கடிதம், உறுதி, சாதகவோலை, பழைய சஞ்சிகை, நிழற்படம் ஆகியன சிறியனவெனத் தோன்றலாம். படியெடுக்க ஒருநாள் மாணவர் கையிற் கொடுத்தால் அவையே வரலாறாகும். ஆசிரியர் முறை காட்ட, மாணவர் தேட, மூத்தோர் பெட்டகத்தைத் திறக்க, இவ்விழாக் காலத்தில் ஒரு நற்றொகுப்புத் தொடங்குக. எரிந்தவற்றை மீட்க நம்மால் இயலாது. எஞ்சியவற்றை இழவாதிருக்க இயலும்.