பொறிகளின் உரையாடல்

விழுப்புரத்திலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், விக்கிரவாண்டியை அடையும் முன்னர் முண்டியம்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. அங்குச் சர்க்கரை ஆலை ஒன்று உண்டு. சுற்றுப்புறத்து உழவர்கள் விளைவிக்கும் கரும்பு இத்தகைய ஆலைகளை நம்பியே வளர்கின்றது. வெட்டிய கரும்பை நெடுநேரம் வைத்திருத்தல் ஆகாது. நேரம் செல்லச் செல்ல அதன் எடையும் இனிப்பும் குறையும். ஆதலின், அரைவைக் காலத்தில் ஆலை நின்றுவிடின் உழவர்க்கும் இழப்பு, ஆலைக்கும் இழப்பு.

சர்க்கரை ஆலையில் பொறிகள் பல ஒன்றோடொன்று இணங்கி இயங்குதல் வேண்டும். கரும்பைச் சுமந்து செல்லும் பட்டை மிக விரைந்தால் உருளைகள் திணறும். மிகத் தளர்ந்தால் அவை வீணே சுழலும். இவ்விணக்கத்தைக் காப்பதற்கு இந்நாளில் பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவி பயன்படுகின்றது. முன்னாளில் இப்பணியை நூற்றுக்கணக்கான ரிலேக்கள் செய்து வந்தன. வேலைமுறை சிறிது மாறினும் கம்பிகளை எல்லாம் கழற்றி மீண்டும் பூட்ட நேர்ந்தது. இத்தொல்லையை நீக்கும் கருவி ஒன்று வேண்டும் என 1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் விரும்பியது. டிக் மார்லியும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய ‘மோடிகான்’ என்னும் கருவி அக்குறையைத் தீர்த்தது. கம்பிகளை மாற்றாமல், கட்டளைத் தொகுதியாகிய நிரலை மட்டும் மாற்றினால் போதும் என்னும் நிலை தோன்றியது.

கருவிகள் பலவாகவே, அவை தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறையும் தேவையாயிற்று. 1979இல் வெளிவந்த ‘மோட்பஸ்’ அத்தகைய முறைகளுள் ஒன்று. அதன் ஒழுங்கு எளியது. தலைமைக் கருவி ஒன்று வினவும். ஏனையவை விடை கூறும். ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் உண்டு. “ஐந்தாம் எண்ணே, உன் மோட்டாரின் வேகம் யாது?” என்னும் பொருள்பட வினா எழுந்தால், ஐந்தாம் கருவி மட்டுமே மறுமொழி தரும், பிற யாவும் வாளா இருக்கும். செய்தியின் இறுதியில் சரிபார்க்கும் எண் ஒன்றும் சேர்ந்து வரும். அது பொருந்தாவிடின், பெற்ற கருவி அச்செய்தியை ஏற்காது விட்டுவிடும்.

விடை வராதபோது செய்யத் தக்கது யாது? முதற்கடமை பாதுகாப்பே. நன்கு அமைத்த ஆலையில், குறித்த நேரத்துள் செய்தி வராவிடின் பட்டை தானே நின்றுவிடும். கொதிகலனில் நீர் குறைந்தால் எரிப்பை நிறுத்தும் காவலும், இச்செய்தி வழியை நம்பியிராது தனியே அமைந்திருக்கும். பொறிகளைத் தீங்கற்ற நிலையில் நிறுத்திய பின்னரே குறையை நாடுதல் வேண்டும்.

அடுத்து, மௌனமாய் இருப்பது எது என்பதைக் காண வேண்டும். ஒரே வடத்தில் ஏழு கருவிகள் வரிசையாய் உள்ளன எனக் கொள்வோம். ஐந்தாவது மட்டும் பேசாவிடின், குறை பெரும்பாலும் அதனிடமே இருக்கும். ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்றும் பேசாவிடின், நான்கிற்கும் ஐந்திற்கும் இடையே வடத்தை நோக்க வேண்டும். ஒன்றுமே பேசாவிடின், தலைமைக் கருவியையும் வடம் முழுவதையும் ஆராய வேண்டும்.

வடத்தைச் சோதிப்பதற்கு நீங்கள் கற்ற இயற்பியலே துணை செய்யும். முறுக்கிய இரு கம்பிகளாலாகிய அவ்வடத்தின் இரு கோடிகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று பொருத்துவர். கோடியை எட்டிய மின்துடிப்பு எதிரொலிபோல் திரும்பி வந்து அடுத்த செய்தியைக் குலைக்காமல் அது தடுக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பிகளுக்கிடையே அளந்தால், பக்க இணைப்பிலுள்ள அவ்விரு தடைகளும் சேர்ந்து ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும். 120 ஓம் காட்டினால், ஒரு கோடியில் தடை இல்லை, அல்லது வடம் இடையில் அறுந்துள்ளது. சுழியை ஒட்டிக் காட்டினால், கம்பிகள் எங்கோ ஒன்றையொன்று தொட்டுள்ளன.

வடம் செவ்வையாயின், அமைப்புகளை நோக்க வேண்டும். இரு கருவிகளுக்கு ஒரே எண் இருப்பின் இரண்டும் ஒருங்கே விடை கூறிச் செய்தியைக் கெடுக்கும். அனுப்பும் வேகமும் பெறும் வேகமும் வேறுபடினும் செய்தி விளங்காது. சில வேளை, குறை வருவதும் மறைவதுமாக இருக்கும். அப்போது அது நேரும் நேரத்தைக் குறித்து வைத்தல் நலம். பெரிய மோட்டார் தொடங்கும் போதெல்லாம் செய்தி தவறினால், செய்தி வடம் மின்வடத்தை ஒட்டிச் செல்கின்றதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வாராய்ச்சியில் மறவாது போற்றத்தக்க விதி ஒன்று உண்டு: ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக, மாற்றியதை எழுதி வைக்க. பதற்றத்தால் பலவற்றை ஒருங்கே மாற்றியவர், பொறி மீண்டும் ஓடினாலும் அஃது எதனால் ஓடிற்று என்பதை அறியார். அதே குறை மீண்டும் வரும்போது தொடக்கத்திலிருந்தே தேடுவார். வண்டியில் கரும்புடன் காத்திருக்கும் உழவரின் உழைப்பைக் காப்பது, விரைந்த கையினும் முறை தவறாத அறிவே ஆகும்.